கேளுங்க டீச்சர்: சங்கம் தொடங்கியாச்சு, பைலாதான் எழுத வரல

போன மாசம் ஒரு வாசகருக்கு பதில் சொல்லும்போது போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், நகர் நலச்சங்கத்துக்கு பைலா, அதாவது சங்கத்த நடத்துற விதிகள எழுதுறவங்க சண்டைய மனசுல வச்சுதான் எழுதணும்னு. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நான் நெனைக்கல. தக்கலைல இருந்து, கருங்கல்ல இருந்து, ஆசாரிப்பள்ளத்துல இருந்துன்னு வாட்ஸ்அப் நெறஞ்சு போச்சு. அதனால இந்த மாசம் மருமக பிரச்சினை, பென்சன் பிரச்சினை எல்லாத்துக்கும் லீவு. சங்கம் மட்டும்தான்.

*டீச்சர், பார்வதிபுரம் பக்கத்துல புது மனைப்பிரிவுல இருக்கோம். 42 வீடு. சங்கம் தொடங்கி பைலா எழுத மூணு பேர போட்டாங்க, அதுல நானும் ஒருத்தன். நெட்ல இருந்து 38 பக்கத்துக்கு ஒரு பைலா எறக்கினோம். படிச்சுப் பாத்தா லிஃப்ட் பராமரிப்பு, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ்னு போகுது. எங்க நகர்ல இருக்கிற ஒரே குளம் மழைக்கு ரோட்டுல நிக்கிற தண்ணிதான். இதுல எத வெட்டணும், எத வைக்கணும்?*
— பார்வதிபுரம் வாசகர்

தம்பி, எதையும் வெட்டாதீங்க, அப்படியே மூடி வச்சிருங்க. அது ஏதோ பெருநகரத்து அடுக்குமாடிக்கு எழுதினது. அடுக்குமாடிக்கு தமிழ்நாட்டுல 2022-ல போட்ட தனிச் சட்டமே இருக்கு, அந்தக் கதை வேற, தனித்தனி வீடு இருக்கிற நம்ம நகருக்கு அது ஒட்டாது. ஒரு வெள்ளைப் பேப்பர எடுங்க, மூணு பேரும் ஒரு வீட்டுத் திண்ணைல உக்காந்து கட்டன்சாயா போட்டு குடிச்சுக்கிட்டே இந்த ரெண்டு வருஷத்துல உங்க நகர்ல என்னென்ன சண்டை வந்துச்சு, இனி என்னென்ன வரும்னு தோணுதோ அத மட்டும் எழுதுங்க. எங்க நகர்ல நாங்க எழுதினப்போ என்ன வந்துச்சுன்னா, தெருவிளக்கு எரியலன்னா யாரு போய் எழுதிக் குடுக்கணும், ஒருத்தர் காம்பவுண்ட ஒசத்தினதால அடுத்தவர் வீட்டு முன்னால தண்ணி கட்டி நிக்குது, அடுத்த விளைல இருந்து தென்னை மட்டை கார் மேல விழுது, சங்கத்து சேர கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனவரு மூணு சேர் ஒடைஞ்சத சொல்லாம அடுக்குல அடியில வச்சுட்டாரு. சிரிக்காதீங்க, அந்த மூணு சேருக்காக எட்டு மாசம் ரெண்டு வீட்டுக்காரங்க பேசிக்கல.

இதுல எது சங்கம் தீர்க்க முடிஞ்சது, எது ரெண்டு வீட்டுக்காரங்களோட சொந்த விவகாரம்னு பிரிங்க. தென்னை மட்டை சங்கத்து வேலை இல்ல, சேர் சங்கத்து வேலை. சங்கத்து வேலையா நின்னது ஒவ்வொண்ணும் பைலால ஒரு விதி. அவ்வளவுதான் ரகசியம். சங்கத்து பேரு, விலாசம், நோக்கம், உறுப்பினர் எப்படி சேருவாரு எப்படி போவாரு, கமிட்டி, கூட்டம், கணக்கு, யாரு கையெழுத்து போடணும் இதெல்லாம் சட்டப்படி எப்படியும் இருக்கணும், அதுக்கு மாதிரி படிவம் கெடைக்கும், அதப்பத்தி நான் இங்க நேரத்த செலவழிக்கல.

நான் 31 வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தவ, அதனால ஒண்ணு மட்டும் அடிச்சு சொல்றேன், நோட்ல குறிச்சுக்கோங்க. பைலால "படும்"னு முடியிற வரி எல்லாத்துக்கும் அடியில செவப்பு மைல கோடு போடுங்க. "ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டப்படும்." யாரு கூட்டுவா? "கணக்குகள் தணிக்கை செய்யப்படும்." யாரு செய்வா, எந்தத் தேதிக்குள்ள? "சந்தா வசூலிக்கப்படும்." யாரு வீடு வீடா நடப்பா? கேக்கும்போது நல்ல கம்பீரமாத்தான் இருக்கும், அரசாங்கக் கடிதம் மாதிரி, ஆனா அந்த வரில ஆளே கெடையாது. செய்யிறவரு யாருன்னு சொல்லாத வாக்கியம் எழுதினா பசங்களுக்கு நான் மார்க் கொறைப்பேன், சங்கத்துல எழுதினா சண்டையே வரும். "செயலாளர் ஜூன் 30-க்குள் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், அவர் கூட்டவில்லை என்றால் தலைவர் ஜூலை 31-க்குள் கூட்ட வேண்டும்." இப்ப பாருங்க, ஆள் இருக்கு, தேதி இருக்கு, அந்த ஆள் செய்யலன்னா அடுத்த ஆளும் இருக்கு.

அடுத்தது "லாம்". "கூட்டலாம்"னு எழுதினா கூட்டாமலும் இருக்கலாம். கமிட்டிக்கு விருப்பம் வேணும்ங்கிற எடத்துல மட்டும் லாம், மத்த எடம் எல்லாம் "வேண்டும்". எங்க பைலால "பொருளாளர் ரசீது வழங்கலாம்"னு யாரோ டைப் அடிச்சு நாலு வருஷம் அது யாரு கண்ணுலயும் படல, என் கண்ணுலயும்தான். ரசீது கேட்டவருக்கு எங்க பொருளாளர் அந்த வரியத்தான் எடுத்துக் காட்டினாரு.

இன்னொண்ணு ரூபாய் கணக்கு. மாச சந்தா 100 ரூவான்னு பைலாலயே எழுதிராதீங்க. எழுதினா நாளைக்கு 150 ஆக்கணும்னாலும் பைலாவையே திருத்தணும், அது லேசுப்பட்ட வேலை இல்ல. 21 நாள் முன்னாலயே "இன்ன விதிய திருத்தப் போறோம், சிறப்புத் தீர்மானமா வருது"ன்னு நோட்டீஸ் குடுக்கணும், கூட்டத்துக்கு வந்து ஓட்டு போடுறவங்கள்ல முக்கால் பங்கு ஒத்துக்கணும், பொறவு பதிவாளர் ஆபீஸ்ல அத பதியணும், பதிஞ்சாதான் செல்லும். 50 ரூவாய்க்கு இவ்வளவு பாடா? "சந்தாத் தொகையைப் பொதுக்குழு ஆண்டுதோறும் முடிவு செய்யும்"னு எழுதிட்டா சாதாரண கூட்டத்துலயே முடிஞ்சு போச்சு. செயலாளர் யாரையும் கேக்காம எவ்வளவு செலவு செய்யலாம், கமிட்டி எவ்வளவு செய்யலாம், அதுக்கு மேல பொதுக்குழு, இந்த மூணு படிக்கட்டும் பைலால இருக்கட்டும், தொகை மட்டும் பொதுக்குழு கைல இருக்கட்டும்.

இப்ப என் வீட்டுக் கதை. எங்க நகர்ல கேமரா வைக்கணும்னு வீட்டுக்கு 1,500 ரூவா பிரிச்சோம். சங்கத்துக்கு பேங்க் அக்கவுண்ட் அப்ப இல்ல, அதனால எல்லாரும் செயலாளரோட ஜிபே நம்பருக்கு போட்டாங்க, நல்ல மனுஷன், யாருக்கும் சந்தேகம் இல்ல. போட்ட மூணாவது வாரம் அவரு அப்பாவுக்கு திடீர்னு ஆபரேஷன். ஆஸ்பத்திரி பில்லுக்கு அவரு அக்கவுண்ட்ல இருந்த காசு போச்சு, அதுல எது சங்கத்துக் காசு எது அவரு சம்பளம்னு அவருக்கே தெரியல. ரெண்டு மாசத்துல மொத்தத்தையும் திருப்பி வச்சுட்டாரு, ஒரு ரூவா கொறையல. ஆனா அந்த ரெண்டு மாசம் நகர்ல என்னென்ன பேசினாங்கன்னு எழுதினா பத்திரிகை காணாது. அவரு இப்ப எங்க எந்தக் கூட்டத்துக்கும் வாறதில்ல. தப்பு அவருது இல்ல, அக்கவுண்ட் தொறக்குறதுக்கு முன்னால வசூல் பண்ணின எங்களோடது. அதனால "சங்கப் பணத்தை எந்த நிர்வாகியும் தன் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட வாங்கக் கூடாது"ன்னு எழுதிருங்க, பேங்க் அக்கவுண்ட்ல மூணு பேருல ரெண்டு பேர் கையெழுத்துன்னும் எழுதுங்க. அக்கவுண்ட் தொறக்க சங்கத்து பேர்ல பான் கார்டு, பதிவுச் சான்றிதழ், பைலா, யாரு யாரு கையெழுத்துன்னு ஒரு தீர்மானம் இதெல்லாம் பேங்க்ல கேப்பாங்க. மொதல்ல அது, பொறவு வசூல்.

*எங்க அத்தான் திருவனந்தபுரத்துல ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர். அவங்க பைலா மலையாளத்துல அருமையா இருக்கு. அத தமிழாக்கி பேர மட்டும் மாத்திட்டா போதாதா டீச்சர்? பார்டர்ல இருக்கோம், எல்லாம் ஒரே ஊரு மாதிரிதானே.*
— களியக்காவிளை வாசகி

ஊரு ஒண்ணுதான், சட்டம் ரெண்டு. அங்க திருவனந்தபுரம் பக்கம் சங்கம் பதியிறது 1955-ல திருவிதாங்கூர்-கொச்சி இருந்த காலத்துல போட்ட சட்டத்துல. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுப் பக்கம் வந்துருச்சு, இங்க நடப்புல இருக்கிறது 1975-ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், அதுக்கான விதிகள் 1978-ல வந்துச்சு. அத்தான் குடுத்த பைலால முதல் பக்கத்துலயே அந்த 1955 சட்டத்து பேரு இருக்கும், அத அப்படியே கொண்டு போனா திருப்பி அனுப்பிருவாங்க. கமிட்டி எத்தன வருஷம், திருத்தத்துக்கு எத்தன பேர் ஓட்டு, இந்த மாதிரி எடமெல்லாம் நம்ம சட்டத்தப் பாத்துதான் எழுதணும்.

ஆனா அவங்ககிட்ட திருட வேண்டியது ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு வீடு சங்கத்து நம்பர் போட்டு, தெரு மொனைல போர்டு வச்சு, எந்த வீட்டுல யாருன்னு ரெஜிஸ்டர் வச்சிருப்பாங்க. நம்ம ஊருல கூரியர்காரன் போன் பண்ணினா "பெரிய புளிய மரத்துல இருந்து உள்ள வாங்க"ன்னுதான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கோம், அந்த மரம் ஒக்கி புயல்ல விழுந்தாச்சு, 2017-ல. உறுப்பினர் பதிவேட வீட்டு நம்பர் வரிசைல வைக்கணும்னு ஒரு விதி போடுங்க.

*என் வீட்டுக்காரர் சவுதில இருக்காவ. வீடு அவிய பேர்ல. சங்கக் கூட்டத்துக்கு நான் போனா "ஓனர்தான் பேசணும்"னு சொல்லுதாவ. மாசச் சந்தா மட்டும் என்கிட்ட வந்து கரெக்டா வாங்கிட்டுப் போறாவ. பைலால அப்படித்தான் இருக்காம். இது நியாயமா டீச்சர்?*
— கருங்கல் வாசகி

நியாயம் இல்ல. அதவிட புத்தி இல்ல. நம்ம மாவட்டத்துல பத்து வீடு இருந்தா அதுல எத்தன வீட்டு ஆம்பிளைங்க வளைகுடாவுலயோ கப்பல்லயோ கடல்லயோ இருக்காங்கன்னு அந்த பைலா எழுதினவருக்குத் தெரியாதா? பத்திரத்துல பேர் உள்ளவருக்கு மட்டும்தான் ஓட்டுன்னா, கூட்டத்துக்கு கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு வேண்டிய கொறஞ்சபட்ச ஆள், எங்கேர்ந்து வரும்? கிறிஸ்மஸ் லீவுக்கு அவங்கல்லாம் வந்து எறங்குற வரைக்கும் சாக்கடை அடைப்ப எடுக்காம இருக்கவா?

பைலா எழுதுறவங்க இங்கதான் கூடுதல் நேரம் எடுத்துக்கணும், உறுப்பினர்னா யாரு, வீடா ஆளா. நான் சொல்லுறது, வீட்டுக்கு ஒரு ஓட்டு, அந்த வீட்டுல குடியிருக்கிற 18 வயசு தாண்டின ஒருத்தர் உறுப்பினர், யாருன்னு அந்தக் குடும்பமே எழுதிக் குடுக்கட்டும். மனைவியா இருக்கலாம், மாமியாரா இருக்கலாம், மகளா இருக்கலாம். வெளிநாட்டுல இருக்கிறவருக்கு பதிலா வேற யாராவது ஓட்டு போடலாமா, போன்ல கையத் தூக்கலாமான்னு குழப்புறதவிட வீட்டுல இருக்கிறவங்களையே உறுப்பினராக்கிட்டா பிரச்சினையே தீர்ந்துச்சு. வாடகைக்கு இருக்கிறவங்கள இணை உறுப்பினரா வைங்க, தெருவிளக்கு தண்ணி குப்பை பத்தி பேச அவங்களுக்கும் வாய் இருக்கு, சொத்து வாங்குறது விக்கிறதுல மட்டும் ஓட்டு வேண்டாம். பூட்டிக் கெடக்கிற வீட்டுக்கு சந்தா பாதியா முழுசான்னும் இப்பவே எழுதிருங்க, எங்க நகர்ல எட்டு வீடு பூட்டிக் கெடக்கு, அதுல ஏழு பேரு "நாங்க இல்லாத ஊருக்கு நாங்க ஏன் குடுக்கணும்"ங்காங்க.

நீங்க என்ன செய்யணும்னா, இந்தத் திருத்தம் வேணும்னு எழுதி, உங்கள மாதிரி இருக்கிற மத்த வீட்டுக்காரிகளோட பேரும் சேத்து செயலாளர்கிட்ட குடுங்க. ஓட்டு இல்லாம எப்படி திருத்தம் கொண்டு வரன்னு கேப்பீங்க. உங்க வீட்டுக்காரர் பேர்லயே கடிதம் வரட்டும், சந்தா கட்டின ரசீது நகலோட.

*சங்கத்த கட்டாயம் பதியணுமா? பதியாமலே பத்து வருஷமா நல்லாத்தான் நடத்துறோம். பதியணும்னா சார்பதிவாளர் ஆபீஸா?*
— தக்கலை வாசகர்

20 பேருக்குக் கொறையாம உறுப்பினர் இருந்தாலோ, வருஷ வரவோ செலவோ 10,000 ரூவா தொட்டாலோ சட்டப்படி பதிஞ்சே ஆகணும். 10,000 ரூவா இப்ப ஒரு பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு காணாது, அதனால எல்லா நகர் சங்கமும் இதுல வந்துரும். போக வேண்டியது பத்திரம் பதியிற சார்பதிவாளர்கிட்ட இல்ல, மாவட்டப் பதிவாளர்கிட்ட. கொறஞ்சது ஏழு பேர் கையெழுத்து போட்டு மெமோரண்டமும் (சங்கத்து பேரு, நோக்கம் எழுதின பத்திரம்) பைலாவும் குடுக்கணும். கமிட்டில கொறஞ்சது மூணு பேர், பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக் கூடாது, திரும்ப அவங்களையே தேர்ந்தெடுக்கலாம் ஆனா தேர்ந்தெடுக்கணும், சும்மா தொடரக் கூடாது. ஆள் மாறினா ஃபார்ம் 7 போட்டு தெரிவிக்கணும். நிதியாண்டு மார்ச்ல முடிஞ்சா ஆறு மாசத்துக்குள்ள, அதாவது செப்டம்பருக்குள்ள ஆண்டுப் பொதுக்குழு நடத்தணும். மேல நான் ஜூன் 30-ன்னு எழுதினது வேணும்னேதான், செப்டம்பர்னு எழுதினா செப்டம்பர் 29 வரைக்கும் யாரும் அசைய மாட்டாங்க, ஓணம் வேற வந்துரும்.

பதியிறதவிட கஷ்டம் பதிஞ்ச பொறவு வருஷா வருஷம் கணக்கு குடுக்கிறது. நெறய சங்கம் சர்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டிட்டு அதோட மறந்துருவாங்க, ஏழெட்டு வருஷம் கழிச்சு பேங்க்ல கேக்கும்போதுதான் ஓர்மை வரும். பைலால "செயலாளர் இன்ன தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தாக்கல் செய்த ரசீதை அடுத்த கமிட்டியில் காட்ட வேண்டும்"னு போடுங்க.

*எங்க நகர்ல கோயில் கொடைக்கும் வரி கேக்காங்க, கிறிஸ்மஸ் குடில் போட்டிக்கும் கேக்காங்க, ரெண்டும் சங்கப் பணத்துல குடுக்கலாமான்னு போன கூட்டம் பாதியில கலைஞ்சுருச்சு. பைலால ஒண்ணுமே எழுதல.*
— நாகர்கோவில் வாசகர், பேர் வேண்டாம்னு கேட்டிருக்காரு

பேர் போடல, பயப்படாதீங்க. நம்ம மாவட்டத்துல இந்த விஷயத்த நான் விளக்கி எழுதணும்னு இல்ல, எல்லாருக்கும் தெரியும். லோக்கல் லீவ பாத்தாலே போதும், மண்டைக்காடு கொடைக்கும் லீவு, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் லீவு, சுசீந்திரம் தேருக்கும் லீவு. எல்லாரும் எல்லாத்துக்கும் போவோம், பொரி உருண்டையும் வாங்குவோம். ஆனா "என் காசுல அவன் விழாவா"ன்னு ஒருத்தர் ஒரு தடவ கேட்டுட்டாருன்னா அந்த நகர் பழைய நகரா இருக்காது.

எங்க விதி இது: சங்கச் சந்தால இருந்து எந்த மத விழாவுக்கும் ஒரு ரூவா கெடையாது. விழா நடத்துறவங்க தனி ரசீதுப் புக்கு அடிச்சு தனியா பிரிக்கட்டும், விருப்பம் உள்ளவங்க குடுக்கட்டும், சங்கத்து லெட்டர்பேடும் சீலும் அதுல வரக் கூடாது. சங்கத்து சேர், தார்ப்பாய், வார்ப்பு (விருந்துக்கு சமைக்கிற பெரிய பாத்திரம்), மைக் செட் மட்டும் எல்லா விழாவுக்கும் ஒரே வாடகை. இத எழுதினப்போ எங்க நகர் மூத்தவரு ஒருத்தர், தினமும் கோயிலுக்குப் போறவரு, "இப்படி எழுதினாத்தான் எல்லார் வீட்டு விழாவுக்கும் எல்லாரும் வருவோம்"னாரு. பொங்கல் விளையாட்டுப் போட்டி, சுதந்திர தினக் கொடியேத்தம், இது ரெண்டுக்கும் மட்டும் சந்தால இருந்து செலவு. பொங்கல் மத விழாவா இல்லியான்னு ஒரு மணி நேரம் விவாதம் ஓடிச்சு, நான் தமிழாசிரியைங்கிற ஒரே காரணத்தால என்கிட்ட தீர்ப்பு கேட்டாங்க. என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

இதோட சேந்ததுதான் கூட்ட நேரமும். ஞாயித்துக்கெழம காலைல வைக்காதீங்க, பாதி நகர் சர்ச்சுல இருக்கும். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. கோரம் மூணுல ஒரு பங்கு, வரலன்னா அரை மணி நேரம் கழிச்சு வந்தவங்கள வச்சே அதே எடத்துல நடத்தலாம், ஆனா பைலா திருத்தம் மட்டும் அப்படி நடத்தக் கூடாதுன்னு எழுதுங்க. நோட்டீஸ் எப்படி குடுக்கணும்னும் எழுதணும், வாட்ஸ்அப் குரூப்ல போட்டா போதும்னு நெனச்சுறாதீங்க, குரூப்ல இருந்து கோவிச்சு வெளிய போனவருதான் பொறவு "எனக்கு நோட்டீஸ் வரல"ன்னு நிப்பாரு. வீட்டுல குடுத்து கையெழுத்து வாங்குங்க, வாட்ஸ்அப் கூடுதலுக்கு.

*எங்க மனைப்பிரிவு வாசல்ல கேட் போட்டு ராத்திரி பூட்டணும்னு பைலால சேத்துருக்கோம். பின்னால இருக்கிற பத்து வீட்டுக்காரங்க எங்க ரோடு வழியாத்தான் போறாங்க, அவங்க சண்டைக்கு வாறாங்க. பார்க்கையும் உறுப்பினர்களுக்கு மட்டும்னு எழுதியிருக்கோம். சரிதானே?*
— ஆசாரிப்பள்ளம் வாசகர்

ரெண்டும் தப்பு. அங்கீகாரம் வாங்கின மனைப்பிரிவுன்னா உள்ள இருக்கிற ரோட்ட தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்துருப்பாங்க. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கணும்ங்கிறது விதி, பார்க்குன்னு விட்டிருந்தா அதுவும் அப்படி எழுதிக் குடுத்ததுதான். உங்க பிளான் காப்பிய எடுத்துப் பாருங்க, தானப் பத்திரத்தோட நகல் பதிவு ஆபீஸ்ல கெடைக்கும். எழுதிக் குடுத்த பொறவு அது பொது ரோடு, பொது எடம். நம்ம பைலா நம்ம உறுப்பினர்களத்தான் கட்டும், பொது ரோட்டுல போற அடுத்த தெருக்காரங்கள எப்படி கட்டும்? உங்க வீட்டுச் சட்டத்த பக்கத்து வீட்டுல போய் சொன்ன மாதிரி.

திருட்டு பயம் இருந்தா கேமரா வைங்க, வாட்ச்மேன் போடுங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ராத்திரி ரோந்து கேளுங்க. பார்க்க பராமரிக்கணும்னு ஆசை இருந்தா உள்ளாட்சிகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. "நமக்கு நாமே" திட்டம் இருக்கு, மக்கள் கொறஞ்சது மூணுல ஒரு பங்கு போட்டா மீதிய அரசாங்கம் போடும், அதுக்குப் போய் நிக்க பதிஞ்ச சங்கம் நல்ல உதவி. உங்க எடம் ஊராட்சின்னா கிராம சபைக்கு போங்க, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சின்னா அங்க கிராம சபை கெடையாது, ஏரியா சபை. நம்ம மாவட்டத்துல எங்க பாத்தாலும் பேரூராட்சியா இருக்கிறதால இது நெறய பேருக்கு கொழப்பம், கிராமம்னு நெனச்சு கிராம சபை எப்பன்னு கேட்டு அலையிறாங்க.

*சங்கம் மூலமா ஓணச் சீட்டு, கிறிஸ்மஸ் சீட்டு நடத்தலாம்னு ஒரு யோசனை. பைலால நோக்கத்துல ஒரு வரி சேத்தா போதும்ல?*
— இரணியல் வாசகர்

வேண்டாம். சீட்டுக்கு 1982-ஆம் வருஷத்து மத்திய சட்டம் தனியா இருக்கு, முன் அனுமதி, பதிவு எல்லாம் அதுல வேணும். பைலால ஒரு வரி சேத்தா அது சட்டம் ஆயிராது. சங்கத்தையும் சீட்டையும் ஒரே நோட்ல எழுதின எடத்துல ரெண்டும் மிஞ்சினதா நான் பாக்கல.

*நாய் வளக்கக் கூடாதுன்னு பைலா போட்டா என்ன? தெருநாய்க்கு சோறு வைக்கிற ஒரு அக்காவால தெனமும் தகராறு.*
— ராமன்புதூர் வாசகர்

வீட்டுல நாய் வளக்கக் கூடாதுன்னு சங்கம் தடை போட முடியாது, எல்லாரும் சேந்து ஓட்டு போட்டாலும் முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லயே வழிகாட்டுதல் குடுத்துருக்கு. வெளிய கூட்டிட்டுப் போகும்போது கயிறு, தடுப்பூசி, அசிங்கம் பண்ணினா எடுக்கணும், இதெல்லாம் எழுதுங்க. தெருநாய் விஷயத்துல 2023-ல வந்த விதிப்படி, அதுகளுக்கு சோறு வைக்க சின்னப் பிள்ளைங்க விளையாடாத, ஆள் நடமாட்டம் கொறஞ்ச எடமும் நேரமும் ஒழுங்கு பண்ற பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்குத்தான். அந்த அக்காவோட உக்காந்து எடத்த முடிவு பண்ணுங்க, சண்டை போட்டா நாய்க்குப் புரியாது.

*ஒருத்தர் ரெண்டு வருஷமா சந்தா குடுக்கல, கூட்டத்துல வந்து கேள்வி மட்டும் கேக்காரு. தண்ணிய கட் பண்ணலாமா? சங்கத்த விட்டு நீக்கலாமா?*
— சுங்கான்கடை வாசகர்

தண்ணில கைய வைக்காதீங்க, நீங்கதான் போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிப்பீங்க. தனி வீடு உள்ள நகர்ல ஒருத்தர சேரச் சொல்லி கட்டாயப்படுத்தவும் முடியாது. சேந்தவரு பாக்கி வச்சா இத்தன மாசத்துக்கு மேல ஓட்டு கெடையாது, தேர்தல்ல நிக்க முடியாதுன்னு பைலால எழுதலாம். நீக்குறதுக்கு முறை எழுதணும்: என்ன தப்புன்னு எழுத்துல நோட்டீஸ், பதில் சொல்ல 15 நாள், கமிட்டி முன்னால அவரு பேச வாய்ப்பு, பொறவு பொதுக்குழுல ஓட்டு. இதுல ஒரு படிய தாண்டினாலும் கோர்ட்ல நிக்காது. சங்கத்து பேர்ல கேஸ் போடவோ கேஸ எதிர்கொள்ளவோ யாருன்னும் (பெரும்பாலும் செயலாளர்) மறக்காம எழுதுங்க.

ஆனா ஒண்ணு கேக்குறேன், அவரு என்ன கேள்வி கேக்காரு? அத எழுதாம விட்டுட்டீங்களே. கணக்கு கேக்காருன்னா கணக்க காட்டிட்டு பொறவு பாக்கிய கேளுங்க.

*தலைவரு ஒன்பது வருஷமா எறங்க மாட்டேங்காரு. தேர்தலே நடத்தல. கமிட்டில பாதி பேரு அவரு சொந்தக்காரங்க. பைலா எங்கன்னு கேட்டா பீரோல இருக்குங்காரு.*
— குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்

பீரோல இருக்கிற பைலாவோட நகல் மாவட்டப் பதிவாளர்கிட்டயும் இருக்கு, சங்கம் பதிஞ்சதுன்னா. அங்க மனு போட்டு நகல் வாங்குங்க, தலைவர கெஞ்ச வேண்டாம். கையோட கடைசியா எந்த வருஷம் கணக்கு தாக்கல் பண்ணியிருக்காங்க, கமிட்டில யாரு பேரு இருக்குன்னும் பாருங்க. மூணு வருஷத்துக்கு மேல தேர்தல் இல்லாம ஒரு கமிட்டி இருக்க சட்டத்துல எடமே இல்ல. உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்குக்குக் கொறையாம கையெழுத்து போட்டு கேட்டா பதிவாளர் விசாரணை நடத்தலாம், அதுக்கு அதிகாரம் இருக்கு. இந்த "லாம்" சட்டத்துலயே இருக்கிற லாம், அதனால மனுவ குடுத்துட்டு வீட்டுல உக்காராம பின்னாலயே போங்க. கையெழுத்து வாங்கும்போது வீட்டு நம்பர், உறுப்பினர் எண் எல்லாம் சேத்து வாங்குங்க, வெறும் கையெழுத்துன்னா "இவரு உறுப்பினரே இல்ல"ன்னு தள்ளிருவாரு.

*டீச்சர், இவ்வளவு சொல்றீங்களே, உங்க நகர் பைலா ஒரு காப்பி அனுப்பக் கூடாதா?*
— அஞ்சு பேரு கேட்டிருக்காங்க, எல்லாருக்கும் சேத்து

தர மாட்டேன். தந்தா அதையே காப்பி அடிச்சு பேர மாத்திருவீங்க, பார்வதிபுரம் தம்பி நீச்சல் குளத்த வெட்டப் பாத்த மாதிரி நீங்க எங்க ஊரு ஓடைய வெட்டிக்கிட்டு இருப்பீங்க. அதுபோக எங்க பைலாலயும் ஓட்டை இருக்கு. சங்கத்துப் பொருள் வாடகைக்கு குடுக்கிற விதில "எடுத்துச் சென்றவர் திருப்பித் தர வேண்டும்"னு எழுதினோம், ஆள் இருக்கு, வேண்டும் இருக்கு, எனக்கு ஒரே பெருமை. எத்தன நாளைக்குள்ளன்னு எழுத மறந்துட்டோம். சங்கத்து பெரிய வார்ப்பு ஒரு வீட்டு சடங்குக்கு போன ஐப்பசில போச்சு. கேட்டா "தரமாட்டேன்னு சொன்னனா டீச்சர்?"ங்காரு. வர்ற கூட்டத்துல திருத்தம் வருது, 21 நாள் நோட்டீஸ் குடுத்தாச்சு, அவரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சு.